சர்க்குலர் எல்லாம் அத்துப்படி, டிஜிஎம் (துணைப் பொது மேலாளர்) நேர்காணலில் மட்டும் தேறவில்லை. வங்கி நிதிப் பிரிவில் மேலே வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

திருவான்மியூர்_சிஏ எழுதியது:

வணக்கம். இங்கே நீண்ட நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

எனக்கு 38 வயது. 2011-ல் சிஏ முடித்தேன். முதல் மூன்று வருடம் ஒரு ஆடிட் நிறுவனத்தில், மார்ச் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வங்கிக் கிளைகளுக்குத் தணிக்கைக்குப் போகிற வேலை. அதன்பிறகு ஒரு தனியார் வங்கியின் நிதிப் பிரிவு. இப்போது ஏஜிஎம் (உதவிப் பொது மேலாளர்). காலாண்டு முடிவுகள், பேலன்ஸ் ஷீட்டின் ஷெட்யூல் 1 முதல் 18 வரை, மூலதன விகிதக் கணக்கு, ரிசர்வ் வங்கி ரிட்டர்ன்கள் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். எனக்குக் கீழே 11 பேர்.

வேலையில் நல்ல பெயர் உண்டு. நாள் முடிவுக் கணக்கில் பார்த்து அன்றைக்கே என்பிஏ (90 நாளுக்கு மேல் பாக்கியான வாராக் கடன்) என்று குறிக்க வேண்டும், பாக்கி முழுவதையும் கட்டினால்தான் மறுபடி ஸ்டாண்டர்டு (ஒழுங்கான கடன்) ஆக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பர் 12 சர்க்குலரில் தெளிவுபடுத்தியது. அந்த வாரம் முழுக்க எங்கள் மண்டல அலுவலகங்கள் எல்லாம் என்னைத்தான் கூப்பிட்டன. சாப்பிடக்கூட நேரமில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் டிஜிஎம் நேர்காணல். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கேள்வியே, "அடுத்த வருஷம் நம்ம லாபத்தைத் தின்னப் போறது எது?" நான் ஐந்து நிமிடம் பேசினேன். முதலீட்டுக் கணக்கு விதிகள், புரொவிஷன் (இழப்புக்காக ஒதுக்கும் தொகை) விகிதங்கள், வரப்போகிற கடன் இழப்பு முறை (கடன் கெடுவதற்கு முன்பே இழப்பை எதிர்பார்த்து ஒதுக்குவது) எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒரு தவறுகூட இல்லை. நடுவில் இருந்தவர் சிரித்த முகமாக, "நீங்க ரொம்ப நல்ல டெக்னிக்கல் ஆள்" என்றார். அந்த வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதவி, கடன் கண்காணிப்புப் பிரிவில் இருந்த ஒரு நண்பருக்குப் போனது. கணக்கில் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்கிறவர். அவர்மேல் கோபம் எதுவும் இல்லை, நல்ல மனிதர். ஆனால் எனக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேலையை விடாமல் எம்பிஏ படிக்கலாமா? வேறு வங்கிக்கு மாறலாமா? பேச்சுப் பயிற்சி எடுக்கச் சொல்கிறார் மனைவி. சிஎஃப்ஓ (தலைமை நிதி அதிகாரி) ஆக வேண்டும் என்பதுதான் ஆசை.


மேற்கு_மாம்பலம் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நானும் சிஏ. வங்கி நிதிப் பிரிவில் 29 வருடம் இருந்து, நிதிப் பிரிவுத் தலைவராகப் போன வருடம் ஓய்வு பெற்றேன். உங்களிடம் கேட்ட கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டார். நானும் உங்களைப் போலத்தான் நின்றேன்.

2015 கடைசி. ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு நடத்திய சமயம். எந்தெந்தக் கடனை என்பிஏ ஆக்க வேண்டும் என்று வங்கிகளுக்குப் பட்டியல் வந்தது. நான் அப்போது டிஜிஎம். ஆடிட் கமிட்டிக்கு (இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழு) 40 பக்கக் குறிப்பு தயாரித்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் எந்தப் பத்தி பொருந்தும், எத்தனை சதவீதம் என்று எல்லாம் இருந்தது. கமிட்டித் தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்ற அதிகாரி, வயதானவர். குறிப்பை மூடி வைத்துவிட்டு, "அம்மா, இதுல எந்த மூணு கணக்கை நினைச்சா உங்களுக்குத் தூக்கம் வரலை?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் 90 நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்று மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் அந்த ஆலைகளில் ஒன்றில்கூட நான் கால் வைத்ததில்லை. உள்ளே தறி ஓடுகிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்று தெரியாது.

அடுத்த மாதமே மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் போனேன். தணிக்கை இல்லை, ஆய்வு இல்லை, பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லித்தான் போனேன். ஒரு கிளை மேலாளர் என்னை ஒரு நூற்பாலைக்குக் கூட்டிப் போனார். அங்கே 20 கோடி கடன். நம் புத்தகத்தில் அது ஸ்டாண்டர்டு, புரொவிஷன் 0.40 சதவீதம், 8 லட்சம். ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் (சரக்கிருப்புப் பட்டியல்) பஞ்சும் நூலும் அழகாக எழுதியிருந்தது. அந்த மேலாளர் அதைத் திறக்கவே இல்லை. ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்து, "இபி பில் பைலைக் கொஞ்சம் கொடுங்க" என்றார். மாதா மாதம் கட்டிய மின் கட்டணம். ஜூனில் இருந்த தொகையில் பாதிகூட நவம்பரில் இல்லை. "மேடம், ஸ்பிண்டில் ஓடினா கரண்ட் ஓடும். பஞ்சுக் கணக்கை எப்படி வேணா எழுதலாம், இதை எழுத முடியாது" என்றார். அந்த பில்லின் மஞ்சள் தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

திரும்பி வரும்போது காரிலேயே கணக்குப் போட்டேன். இது சப்-ஸ்டாண்டர்டு (என்பிஏவின் முதல் கட்டம்) ஆனால் 15 சதவீதம், 3 கோடி. அதோடு வசூலாகாமல் வருமானமாக எடுத்த வட்டியையும் திருப்ப வேண்டும். 8 லட்சம் இருக்கிற இடத்தில் 3 கோடி வரப்போகிறது, இரண்டு காலாண்டுக்குள். அன்று இரவே கடன் பிரிவுத் தலைவரிடம் பேசினேன். அந்த ஆலைக்குக் கூடுதலாக 4 கோடி கொடுக்கிற கோப்பு அவர் மேஜையில் இருந்தது. அது நின்றது. கணக்கு என்பிஏ ஆனதைத் தடுக்க முடியவில்லை, ஆனால் 20 கோடி 24 கோடி ஆகவில்லை.

நேர்காணலில் உங்களிடம் கேட்டது இதைத்தான் தம்பி. லாபத்தைத் தின்னப் போவது எது என்றால் அவர்களுக்கு வேண்டியது ஒரு தொகை, ஒரு காலம், ஒரு காரணம். "இன்ன மண்டலத்தில் சிறு தொழில் கடன்கள், என் கணிப்பில் இத்தனை கோடி, இரண்டாம் காலாண்டில் தெரியும், இப்போதே இதைச் செய்தால் பாதி குறையும்" என்று சொல்லியிருந்தால், தொகை தப்பாகவே இருந்தாலும் உங்களோடு பேசத் தொடங்கியிருப்பார்கள். நம் சிஏ பயிற்சியில் முழுதாகத் தெரியாததைச் சொல்லக் கூடாது என்று ஊறிப்போயிருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட அது சரி. ஆனால் தெரிந்த அளவை வைத்து முன்கூட்டிச் சொல்கிறவரிடம்தான் ஒரு பிரிவைக் கொடுப்பார்கள்.

அதனால் குறிப்பு எழுதும் விதத்தை இந்தக் காலாண்டிலிருந்தே மாற்றுங்கள். நான் கடைசியில் எழுதிவந்தது இப்படித்தான் இருக்கும்: "இந்தக் காலாண்டில் கூடுதல் புரொவிஷன் 14 கோடி வரும். 9 கோடி உறுதி. 5 கோடி இரண்டு கணக்குகளைப் பொறுத்தது. 20-ம் தேதிக்குள் வட்டி வந்தால் அந்த 5 கோடி வராது. யார் பேசுவது என்று இன்று முடிவு செய்ய வேண்டும்." சர்க்குலர் எண் கடைசி வரியில் சின்ன எழுத்தில். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

அடுத்தது உங்கள் 11 பேர். அவர்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன், காலாண்டுக் கணக்கை முடிக்கிற க்ளோசிங் இரவில் எக்செல்லை யார் திறக்கிறார்கள்?

என் குழுவில் கோவில்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி. டவுட்ஃபுல் (என்பிஏவின் அடுத்த கட்டம்) கடன்களுக்கு அடமானம் இருக்கிற பகுதிக்கு ஒரு குறிப்பிட்ட சதவீதம், இல்லாத பகுதிக்கு முழுதும் என்று பிரித்துப் புரொவிஷன் போடுவோம் அல்லவா, அந்தத் தாள் அவளுடையது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட என்பிஏவில் அடமானச் சொத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்ய வேண்டும். அவள் சில கணக்குகளில் பழைய மதிப்பையே போட்டிருப்பாள். நான் இரவு 11 மணிக்கு அதைப் பார்த்து, அவளை எழுப்பாமல், நானே மாற்றிவிடுவேன். அன்பாகச் செய்கிறேன் என்று நினைத்தேன். ஆறு காலாண்டு இப்படியே போனது. ஒருநாள் எனக்குக் காய்ச்சல், அலுவலகம் போகவில்லை. தப்பு அப்படியே ஆடிட்டர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் அவளிடம் கேட்டபோது அழவில்லை, சண்டையும் போடவில்லை. "மேடம், நீங்க எப்படியும் பார்ப்பீங்கன்னு தெரியும். அதனால நான் ரெண்டாவது தடவை பார்க்கறதில்லை" என்றாள்.

அதைக் கேட்டபிறகு எனக்கு நாலைந்து நாள் வேறு எதுவும் ஓடவில்லை. அவளை வளரவிடாமல் வைத்திருந்தது நான்தான். அடுத்த காலாண்டில் ஸ்டாட்யூடரி ஆடிட்டர்களோடு அந்தத் தாளை அவளே பேசினாள். பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு அவள் தடுமாறினாள், எனக்குப் பதில் தெரியும். மேஜைக்கு அடியில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன் சார்" என்றாள், மறுநாள் சொன்னாள். இன்றைக்கு வேறொரு வங்கியில் உங்கள் பதவியில் இருக்கிறாள்.

டெக்னிக்கல் அறிவை மறைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இல்லாமல் நான் நின்றிருக்க முடியாத ஒரு நாள் வந்தது. ஒரு மார்ச் 31 மாலை, ஒரு பெரிய கணக்கை ஸ்டாண்டர்டாகவே வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். முடியாது என்றேன். குரலை உயர்த்தவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், பிப்ரவரி மூன்றாம் வாரத்திலேயே அந்தக் கணக்கைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தேன். முன்கூட்டிச் சொல்லாமல் கடைசி நாளில் விதியை நீட்டியிருந்தால் தடை போடுகிறவளாகத்தான் தெரிந்திருப்பேன்.

எம்பிஏ இப்போது வேண்டாம், அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்கு வையுங்கள். நிதிப் பிரிவிலிருந்து உச்சிக்குப் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எச்டிஎஃப்சி வங்கியில் சசிதர் ஜகதீசன் 1996-ல் நிதிப் பிரிவில் மேனேஜராகச் சேர்ந்தவர். 2008-ல் சிஎஃப்ஓ, 2020 அக்டோபரில் நிர்வாக இயக்குநர். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஆதித்ய பூரியும் சிஏதான்.


கிளை_மேலாளர்_திருப்பூர் எழுதியது:

மேடம் சொன்ன இபி பில் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. பனியன் கம்பெனிக்கு நாங்கள் வேறு மாதிரி பார்ப்போம். சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலி பட்டுவாடா ஆகிறதா என்று வாசல் கேட்டில் நிற்கிறவரிடம் கேட்டால் போதும்.

சிஏ சாருக்கு ஒரு வார்த்தை. கிளைக்குப் போங்கள் என்றதும் உடனே நாலு கிளைக்குப் போய் பைலைப் புரட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எங்களுக்குத் தலைமை அலுவலகம் என்றாலே மார்ச் 30 ராத்திரி எட்டு மணிக்கு வரும் போன்தான். "இந்த டேட்டா இன்னும் வரலை" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. 17 வருடத்தில் ஒரே ஒரு நிதிப் பிரிவு அதிகாரி எங்கள் கிளைக்கு வந்து, மதியம் ஒரு மணி நேரம் எல்லாரையும் உட்கார வைத்து, சிஸ்டம் எந்தக் கணக்கில் எப்படி நாள் எண்ணுகிறது என்று போர்டில் எழுதிக் காட்டினார். ஒரு தவணை பாக்கி இருக்க, அடுத்த மாதம் ஒரு தவணைத் தொகையை மட்டும் கட்டினால் கணக்கு ஏன் இன்னும் பாக்கியிலேயே நிற்கிறது என்று எங்கள் கேஷியருக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் கேட்டால் இன்றைக்கும் எந்த நேரத்திலும் உள்ளதை உள்ளபடி சொல்வேன். மற்றவர்களுக்குக் கேட்டதை மட்டும் அனுப்புவேன்.

இன்னொன்று. உங்கள் நண்பருக்குப் பதவி கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. கண்காணிப்பில் இருப்பவர் வசூலித்துக் காட்டியிருப்பார். முடிந்தால் இரண்டு வருடம் மண்டல அலுவலகத்துக்கு, கடன் பக்கம், கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சும்மா பார்க்கப் போவதற்கும் பொறுப்பெடுத்துப் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.


வெள்ளவத்தை எழுதியது:

நான் கொழும்பில் ஒரு வங்கியில் நிதிப் பிரிவில் இருக்கிறேன். உங்களுக்கு இனித்தான் வரப்போகிற எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு முறை எங்களுக்கு 2018 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன்.

தொடங்கின காலத்தில் எங்கள் பிரிவில் இழப்பைக் கணிக்கிற மொடல்தான் கடவுள். நிகழ்தகவு என்ன, இழப்பு வீதம் என்ன என்று நாங்கள் நாலு பேர் ஒரு அறைக்குள் இருந்து கணக்குப் பார்ப்போம். வெளியில் ஒருவருக்கும் விளங்காது. விளங்கப்படுத்தவும் நாங்கள் முயலவில்லை. பிறகு 2022 வந்தது. ஏப்ரல் 8-ம் திகதி மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளி (ஏழு சதவீதப் புள்ளி) கூட்டியது. 12-ம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைத்தது. அரசாங்கத்தின் டொலர் பிணைமுறிகள் (கடன் பத்திரங்கள்) எங்களிடமே கிடந்தன. கடந்த காலத் தரவை வைத்து ஓடுகிற மொடலுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று தெரியாது.

அந்தக் கிழமை பணிப்பாளர் சபை எங்களிடம் கேட்டது, மொடல் சொல்வதற்கு மேலே எவ்வளவு ஒதுக்க வேண்டும், ஏன் என்று. என்னுடைய மேலாளர், எங்களிலேயே கூடக் கணக்குத் தெரிந்தவர், திரும்பத் திரும்ப மொடலையே விளங்கப்படுத்தினார். உல்லாசப் பயணத்துறைக் கடன்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எழும்பி, எந்தெந்த ஹோட்டல் டீசல் வாங்கக் காசில்லாமல் மாடிகளை மூடிவிட்டது என்று பெயர் பெயராகச் சொன்னார். மேலதிக ஒதுக்கம் அந்தப் பட்டியலில் இருந்துதான் பிறந்தது. பிறகு அவவைத்தான் இடர் முகாமைத்துவத்துக்குத் தலைவராகப் போட்டார்கள்.

அண்ணா, உங்கள் நாட்டில் அந்த முறை வருவதற்கு முன்னமே கடன் பிரிவு ஆட்களோடு ஒரே மேசையில் இருந்து பழகிக்கொள்ளுங்கள்.


மேற்கு_மாம்பலம் எழுதியது:

வெள்ளவத்தை சொன்னது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தம்பி, இதுதான் உங்கள் கையில் இருக்கிற வாய்ப்பு.

ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு 2027 ஏப்ரல் 1 முதல் என்கிறது. இன்றைக்கு நம் ஊரில் 90 நாள்தான் எல்லை. அதுவரை 0.40 சதவீதத்தோடு நிம்மதியாக இருந்தோம். புதிய முறையில் 30 நாள் தாண்டிய கணக்கு பொதுவாக இரண்டாம் நிலைக்குப் போகும், அதன் ஆயுள் முழுவதற்குமான இழப்பை மதிப்பிட்டு ஒதுக்க வேண்டும். அப்படியானால் 25-வது நாளில் வாடிக்கையாளருக்கு யார் போன் செய்கிறார் என்பது இனிமேல் நிதிப் பிரிவின் கவலை. இன்றைக்கு உங்கள் வங்கியில் 31 முதல் 60 நாள் பாக்கி வைத்திருக்கிற கணக்குகள், அதாவது எஸ்எம்ஏ-1, எத்தனை? எந்த மண்டலத்தில் அதிகம்? அவற்றில் எத்தனை மாதா மாதம் 35-வது நாளில் கட்டுகிற பழக்கம் உள்ளவை? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சிஸ்டத்தில் இருக்கும், ஆனால் யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பருத்தி வியாபாரி பணம் வர 40 நாள் ஆகும் என்பதால் தாமதமாகக் கட்டுவார், ஓடிப்போகிறவர் இல்லை. அவருக்குத் தவணைத் தேதியை மாற்றிக் கொடுத்தாலே போதுமா, அதை மறுசீரமைப்பு என்று விதி சொல்லிவிடுமா? இந்த இடத்தில் உங்கள் அளவுக்கு விதி தெரிந்தவர் தேவை. கடன் பிரிவு நண்பரால் தனியாக இதைச் செய்ய முடியாது. உங்களாலும் முடியாது. புது டிஜிஎம்மிடம் நீங்களே போய், இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம் என்று கேளுங்கள்.

திருப்பூர் சார் சொன்ன மண்டலப் பணியையும் நான் ஆதரிக்கிறேன். நான் இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். பொறுப்பெடுத்துப் போயிருந்தால் இன்னும் சீக்கிரம் தேறியிருப்பேன். சிஎஃப்ஓ ஆசை உள்ளவருக்கு ஒரு கணக்கு: 2017-ல் ரிசர்வ் வங்கி சொன்ன தகுதி, சிஏவாக இருக்க வேண்டும், நிதி, கணக்குப் பொறுப்புகளில் 15 வருட அனுபவம், அதில் 10 வருடம் வங்கி அல்லது நிதி நிறுவனத்தில், அதிலும் 5 வருடம் மூத்த நிர்வாக நிலையில். உங்களுக்கு 38 தான். இரண்டு வருடம் கடன் பக்கம் போய்வந்தாலும் நேரம் இருக்கிறது.


திருவான்மியூர்_சிஏ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மேற்கு மாம்பலம் அக்கா, க்ளோசிங் இரவில் எக்செல்லை யார் திறக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நான்தான். 11 பேரும் கிளம்பியபிறகு. அதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவள் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தாள்.

நேற்று எஸ்எம்ஏ-1 பட்டியலை எடுத்தேன். 12 மாதத்துக்கு ஓடவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு மாதமும் 31-க்கும் 40-க்கும் நடுவில் கட்டுகிறவர்கள் நான் நினைத்ததைவிட மிக அதிகம். ஒரே மண்டலத்தில் குவிந்திருக்கிறார்கள். நண்பரிடம் காட்டினேன். பத்து நிமிடம் என்று உட்கார்ந்தவர் இரவு ஏழரை வரை எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை இரண்டு பேரும் அந்த மண்டலத்துக்குப் போகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. திருப்பூர் சார், போர்டும் சாக்பீஸும் வைக்கச் சொல்லி அந்தக் கிளை மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரே சந்தேகம். இந்தக் காலாண்டு க்ளோசிங்கில் புரொவிஷன் தாளை என் குழுவில் ஒரு பையனிடம் முழுதாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆடிட் கமிட்டிக்குப் போகிற தொகை அது. தப்பு வந்தால்?


மேற்கு_மாம்பலம் எழுதியது:

வந்தால் கமிட்டியில் "என் தப்பு" என்று நீங்கள் சொல்லுங்கள், பையன் பெயர் வரக் கூடாது. ஆனால் கமிட்டி வரை போகவிட வேண்டாம். தாளை மூன்று நாள் முன்னாடியே முடிக்கச் சொல்லுங்கள். அவனையே இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் திறக்காதீர்கள். அப்புறம் அவனிடம் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: போன காலாண்டைவிட எது கூடியது, ஏன் கூடியது, எந்தக் கணக்கில் உனக்கே சந்தேகம்? மூன்றாவதற்கு "எதுவும் இல்லை" என்று சொன்னால் தாளைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை போய்வந்து எழுதுங்கள்.